கடைசிப் பாடத்திலிருந்து படித்தவள்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறாள். அவளுடைய தலைமையாசிரியருக்குப் பத்திரிகை படிக்கிற பழக்கம் உண்டு என்று கேள்வி. எதற்கு வம்பு? பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் மாணவியர் விடுதியில் மூன்று வருஷம் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் என்று சொன்னால் போதும். இரண்டு பேரும் பி.எஸ்ஸி. கணக்கு. வேறு எதிலும் இடம் கிடைக்காததால் நான் கணக்குக்கு வந்தேன். அவள் ஆசைப்பட்டு வந்தாள்.

புத்தகங்கள் கைக்கு வந்த அன்றே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன், முதல் பக்கத்தில் பூ வரைந்து பெயர் எழுதினேன், அத்தோடு அந்த வருஷத்துப் படிப்பை முடித்துக்கொண்டேன். அவள் கால்குலஸ் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, கடைசிப் பாடத்தைத் திறந்து, பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், முன்பக்கம் அந்தாண்ட இருக்குடி," என்றேன்.

"தெரியும்."

"அப்பறம் ஏன்டி இப்புடி?"

"கடைசிய மொதல்ல பாத்துடறேன். மொதப் பாடம் எங்க ஓடிடப் போவுது?"

கணக்கில் கடைசிப் பாடம் அதற்கு முந்தின பாடம் இல்லாமல் புரியாது. அவளுக்கும் புரியவில்லை. புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு முந்தின பாடத்துக்கு வருவாள். அதில் புரியாததற்கு அதற்கும் முந்தினது. இப்படியே ஒரு மாதத்தில் முதல் பாடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். நாங்கள் முதல் பாடத்திலிருந்து கிளம்பியவர்கள், அந்த நேரத்தில் இரண்டாம் பாடத்தில் தடுக்கி விழுந்து கிடந்தோம். முதல் செமஸ்டரில் வகுப்பிலேயே முதல் மார்க் அவள்தான். அதற்கப்புறம் நான்கூட ஒரு வாரம் பின்னாலிருந்து படித்துப் பார்த்தேன். எனக்கு முன்னாலும் புரியவில்லை, பின்னாலும் புரியவில்லை.

படிப்பில் மட்டும் இந்த வழக்கம் என்றால் விட்டுவிடலாம். மெஸ்ஸில் தட்டை நீட்டி முதலில் மோர் கேட்பாள். மோர் சோறு, பிறகு ரசம், கடைசியில் சாம்பார். சாம்பார் ஊற்றும் அக்கா அவளைக் கிறுக்கச்சியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "ஏம்மா, கலியாணப் பந்தியில போயி இப்புடிக் கேட்டுடாத. நம்ம ஆஸ்டல் மானம் போயிடும்," என்பார். அவள் சிரித்துக்கொண்டே மோர்ச் சோற்றைப் பிசைவாள். சாம்பார் தீர்ந்துவிட்டால்கூட வருத்தப்பட மாட்டாள். "கடைசி வரைக்கும் சாப்ட்டாச்சுல்ல," என்பாள். விடுதி முழுக்க அவளுக்கு 'கடைசிப் பாடம்' என்றே பெயர். வைத்தது நான்தான். அதற்கு அவள் கோபித்துக்கொண்டதே இல்லை.

காரணத்தை அவளாகச் சொல்லவில்லை. முதல் வருஷத்துப் பொங்கல்தான் சொன்னது.

பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நான் கல்லங்குறிச்சிக்காரி. அங்கே பெருமாள் கோயில் பக்கத்தில் எங்கள் அப்பா டீக்கடை வைத்திருந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆடிப்பாடி வளர்ந்தவள் நான். ஊருக்குப் போகிற குஷியில் பையில் அழுக்குத் துணியை அடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பையில் புத்தகம், தட்டு, டம்ளர், தலையணை, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் வரைக்கும் எல்லாம் ஏறிவிட்டன. அப்படியே விடுதிக் காப்பாளர் முன்னால் போய் நின்று கேட்டாள்.

"மேடம், பொங்கலுக்கு அப்பறமும் எனக்கு எடம் இருக்குமா?"

காப்பாளருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஏன், கலியாணம் கிலியாணமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் காப்பாளர் இருக்கும் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் காலண்டரைத் திரும்பச் சுவரில் மாட்டினாள்.

அன்று பஸ் நிலையத்தில் வைத்துத்தான் சொன்னாள். அவள் ஊர் ரஞ்சன்குடிப் பக்கம். கோட்டை தெரிகிற தூரம்தான். அவர்களுக்கு என்று ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். பொங்கல் முடிந்ததும் ஊருக்குள் லாரி வரும். பாத்திரம் பண்டம், கோழி, பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஓர் ஆற்றோரத்துக்குப் போகும். வெட்டு முடிந்து திரும்பும்போது பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை விட்டிருப்பார்கள். ஜூனில் மறுபடி புது வகுப்பு, புதுப் புத்தகம், முதல் பாடம். அதாவது எட்டாவது வரைக்கும், ஒரே ஒரு வருஷம் தவிர, எந்த வகுப்பிலும் புத்தகத்தின் கடைசி மூன்றிலொரு பங்கை அவள் பார்த்ததே கிடையாது.

"எட்டாவது படிச்சப்ப வெள்ளக்காரன் நம்ம நாட்ட வுட்டுப் போவவே இல்லடி," என்றாள். "உப்பு காய்ச்சப் போனாங்க. அதுக்குள்ள லாரி வந்துடுச்சு."

நான் பஸ் நிலையம் என்றும் பார்க்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். துணைப்பாடக் கதைகளுக்கும் அதே கதிதான். எந்தக் கதையும் அவளுக்கு முடியவில்லை. அதனால் கரும்புச் சோகை வேய்ந்த குடிசையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளாகவே முடிவு கட்டிச் சொல்வாளாம். அவள் கட்டிய முடிவுகளில் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். பின்னால் உண்மையான முடிவுகளைப் படித்தபோது பெரிய ஏமாற்றம் என்றாள். ஒன்பதாவதிலிருந்து அரசு விடுதியில் இடம் கிடைத்து ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் புதுப் புத்தகத்தைக் கண்டால் கை தானாகக் கடைசிக்குத்தான் போகிறது.

இரண்டாம் வருஷத்தில் வேலை வழிகாட்டல் என்று ஒருவர் வந்து மைக்கைப் பிடித்தார். டை கட்டியிருந்தார். பத்து வருஷம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள், கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள் என்றார். ஏழு பேர் கலெக்டர் ஆனார்கள். நான்கு பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். எனக்குக் கண்ணை மூடியதும் தூக்கம் வந்தது. லட்சியம் என்று ஒன்று எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அவள் முறை வந்தது.

"பள்ளிக்கூட ஆபீஸ்ல ஜன்னலோரமா ஒக்காந்திருக்கேன் சார்."

"ஹெட்மிஸ்ட்ரஸ்! வெரிகுட்!" என்று அவர் கை தட்டச் சொன்னார்.

"இல்ல சார். கிளார்க்கு."

தட்டிய கைகள் அப்படியே நின்றன. பின்வரிசையில் முதலில் சிரித்தது நான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிதாகக் கனவு காணுங்கள் என்று அவர் அறிவுரை சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். உட்கார்ந்த பிறகு என் காதில் மட்டும் சொன்னாள்: "இது பெருசுதான். அவருக்குத் தெரியல."

அன்றிலிருந்து அது ஒரு வேடிக்கையாகவும் ஒரு தலைவலியாகவும் ஆகிப்போனது. எங்கள் துறைத் தலைவி மேடத்துக்கு அவள் உயிர். மேடம் தங்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கிய பெண். எத்தனை பேரோடு சண்டை போட்டு வந்தார் என்பதை வகுப்பில் அடிக்கடி சொல்வார். அவருக்கு இவளை ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர்த்து, ஆராய்ச்சி செய்ய வைத்து, தன் நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பத்தை அவரே எழுதி, போட்டோவை அவரே ஒட்டி, கையெழுத்து போடு என்று மட்டும் இவளிடம் நீட்டினார். இவள் போட்டாள். மேடத்துக்கு முன்னால் இவளுக்கு வாய் வராது. அறைக்கு வந்ததும் குரூப் ஃபோர் புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைத் திறப்பாள். கிளார்க் வேலைக்கு அரசாங்கம் நடத்துகிற தேர்வு அது.

"எட்டாங்கிளாஸ் படிச்சவங்கூட எழுதற பரீட்சைக்கு ஒனக்கு எதுக்குடி டிகிரி?" என்று நான் வாரிவிடுவேன்.

"பத்தாவது," என்று திருத்துவாள். அவ்வளவுதான் பதில்.

அவளுடைய அப்பாவை நான் முதலில் பார்த்தது அந்த வருஷம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு விடுதி வாசலில் நின்றார். ஒல்லியான மனிதர். கை இரண்டிலும் அரிவாள் பட்ட தழும்பு. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. காப்பாளரைப் பார்த்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மகளிடம் அதிகம் பேசவும் இல்லை. "இருக்கியா?" என்றார். "இருக்கேன்ப்பா," என்றாள். கிளம்பும்போது என்னிடம்தான் கேட்டார்.

"பாப்பா நல்லாப் படிக்குதா?"

"ஒங்க பொண்ணா? எங்க எல்லாருக்கும் சேத்துப் படிக்குதுப்பா."

அவர் சிரிக்கவில்லை. "நாந்தான் கெடுத்தேன். பாதி பாதியா," என்றார். நான் கரும்புக் கட்டை வாங்கி உள்ளே வைத்தேன். கரும்பு நல்ல ருசி. விடுதி முழுக்கக் கடித்துத் துப்பினோம். மறுநாள் பெருக்க வந்த அம்மா எங்களைத் திட்டாத திட்டில்லை.

மூன்றாம் வருஷக் கடைசியில்தான் சிக்கல் வந்தது. மேடத்தின் நுழைவுத் தேர்வும் குரூப் ஃபோர் தேர்வும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பத்து மணிக்கு. முந்தினது திருச்சியில், பிந்தினது பெரம்பலூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ கூடப் போ. அவளைக் கொண்டுபோய் ஹாலுக்குள்ள விட்டுட்டு எனக்குப் போன் பண்ணு," என்றார். எனக்கும் அதில் சம்மதம்தான். இவ்வளவு மார்க் எடுக்கிறவள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்பு குத்தப் போகிறாளே என்று எனக்கே வயிற்றெரிச்சல். நான் இரண்டு ஜென்மம் எடுத்தாலும் வராத மார்க் அது.

காலை ஏழு மணிக்குத் திருச்சி பஸ்ஸில் ஏறினோம். சாதுவாக வந்தாள். சிறுவாச்சூர் தாண்டியது. ஹால் டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அவள் பையைத் திறந்தேன். உள்ளே இரண்டு ஹால் டிக்கெட் இருந்தன.

"குரூப் ஃபோர் டிக்கெட்ட எதுக்குடி தூக்கியாந்த?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறையத் தண்ணீர் நின்றது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"அப்புடி என்னடி இருக்கு அந்த கிளார்க்கு வேலையில? மேடம் ஒனக்காக என்னென்ன பண்ணியிருக்காங்க? சொல்லித் தொலயேன்!"

சொன்னாள். பக்கத்து சீட்டு ஆள் கேட்பதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் சொன்னாள்.

அவள் ஆறாவது படித்த வருஷம் வெட்டு திருமானூர்ப் பக்கம். கொள்ளிடக்கரையில் குடிசை. அந்த ஒரு வருஷம்தான் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. தம்பியை அம்மாவிடம் விட்டுவிட்டு அவளாகவே போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். அலுவலக ஜன்னலில் டி.சி. எங்கே என்று கேட்டார்கள். டி.சி. என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அது சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதை வாங்கிவர ஒருநாள் வெட்டை விட்டுவிட்டுப் போக அப்பாவால் முடியவில்லை. வகுப்பு ஆசிரியர் இரக்கப்பட்டு, ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள் என்றார். உட்கார்ந்தாள். வருகைப் பதிவேட்டில் பேர் இல்லை. தினமும் எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடித்ததும், ஆசிரியர் பதிவேட்டை மூடும்போது, வாய்க்குள்ளேயே "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொள்வாள். மதியம் சத்துணவில் சோறு போட்டார்கள். முட்டை கிடையாது. முட்டை பேர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் வரும்.

"ரெண்டு மாசம். அதுக்கப்பறம் அந்த ஜன்னலுக்கு வேற ஒரு கிளார்க்கு மாத்தலாயி வந்தாங்க. நான் போயி நின்னேன். அந்த ஜன்னலு எனக்கு எட்டாது. அவங்க மொகம் தெரியல. பேனா புடிச்ச கை மட்டுந்தான் தெரிஞ்சுது. 'பேரு சொல்லு'ன்னாங்க. சொன்னேன். எழுதிட்டாங்க. 'டி.சி. வரப்ப வரட்டும், நீ கிளாஸுக்குப் போ'ன்னாங்க. அவ்வளவுதான்டி. அந்த வருஷம்தான் நான் மொத மொதல்ல முழுப் பரீட்ச எழுதுனேன்."

"அதுக்கு? நீ டீச்சராவலாம்லடி. காலேஜ்ல மேடமாவலாம். அதுவும் பள்ளிக்கூடந்தானே?"

"சொல்லிக் குடுக்க எல்லா எடத்துலயும் நல்லவங்க இருந்தாங்கடி. உள்ள வுடத்தான் ஆளு இல்ல."

அவள் சொல்வதும் சரி என்று பட்டது. இருந்தாலும் மேடத்தின் முகம் கண்முன்னால் நின்றது. ஒரு நிமிஷம்தான் யோசித்திருப்பேன். பிறகு எழுந்து நின்று, "ஹோல்டான்! ஹோல்டான்! எறங்கணும்!" என்று கத்தினேன்.

"திருச்சிக்கு டிக்கெட் வாங்கிட்டுப் பாடாலூர்ல எறங்குறீங்க?" என்றார் கண்டக்டர்.

"கிளார்க்கு வேலைக்குப் போறோம்ண்ணே," என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, விசில் கொடுத்தார்.

பெரம்பலூர் திரும்ப பஸ் வரவே இல்லை. வந்த ஒன்றும் டீ குடிக்க நின்றது. டிரைவர் ஆற அமர வடை தின்றார். நான் போய் அவர் முன்னால் நின்று, அந்த வடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே வீரம் அதுதான். கேட் மூடுவதற்குள் உள்ளே ஓடினாள். வெளியே வேப்பமரத்தடியில் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர்கள் எல்லாம் கடைசியில் இருந்த கணக்குக் கேள்விகளுக்கு நேரம் பத்தவில்லை என்று புலம்பிக்கொண்டு போனார்கள். இவள் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் கேள்வித்தாளை எங்கிருந்து ஆரம்பித்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேடத்துக்கு நான்தான் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உன்ன நம்பி அனுப்புனேன் பாரு," என்று வைத்துவிட்டார். கல்லூரி முடிகிறவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று இன்றுவரை எனக்குச் சொல்ல முடியவில்லை. அவரும் கதவைத் தட்டித் தட்டி உள்ளே போனவர்தான். இவளை இன்னும் உள்ளே கூட்டிப்போக நினைத்தார். இவள் வாசலிலேயே நின்றுகொள்கிறேன் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? பின்னால் இவள் அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. முடித்து, இனிப்போடு அவர் வீட்டுக்குப் போனாள். "எந்தப் பாடத்துலேருந்து படிச்ச?" என்று கேட்டாராம். அதற்கப்புறம் எனக்கும் மன்னிப்பு கிடைத்தது.

இப்போது அவள் எப்படி வேலை பார்க்கிறாள் என்பது எனக்கு அவளுடைய தலைமையாசிரியர் மூலம் தெரியும். அவர் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருவார். அவளும் நானும் ஒரே அறைக்காரிகள் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

"எல்லா ஸ்கூல்லயும் ஜூன்ல அட்மிஷன் போடுவாங்கம்மா. எங்க ஸ்கூல் கிளார்க்கு மட்டும் பிப்ரவரில போடுது. கேட்டா, புள்ளைங்க எப்ப வந்தாலும் சேத்துக்கணும்னு சட்டம் இருக்குங்குது. சட்டத்தை எடுத்து மேசை மேல வக்கிது. செங்கல் சூளைலேருந்து வர்றது, வெட்டுலேருந்து வர்றது, வடநாட்டுப் புள்ளைங்க, ஒண்ணையும் வுடறதில்ல. பழைய ஸ்கூலுக்கு அதுவே போன் பண்ணி டி.சி.யக் கேட்டு உசுர எடுக்குது. போன மாசம் ஒரு ஸ்கூல்ல டி.சி. குடுக்க லேட் பண்ணாங்கன்னு லீவு போட்டுட்டு நேர்லயே போயிடுச்சு!"

"ரொம்பக் கஷ்டம் சார் ஒங்களுக்கு," என்பேன்.

"கஷ்டந்தான்," என்பார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒரு விஷயம்மா. எங்க ஸ்கூல்ல புள்ளைங்க ஸ்ட்ரென்த் கொறயவே இல்ல," என்பார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை என்று எனக்குப் படும்.

சொல்ல வந்தது அதுவல்ல. தேர்வு முடிவு வந்து, சென்னையில் கலந்தாய்வுக்குக் கூப்பிட்ட நாளைப் பற்றித்தான். அப்பா வெட்டில் இருந்தார். அம்மாவுக்குச் சென்னை என்றால் பயம். அதனால் நானே கூடப் போனேன். நல்ல ரேங்க். அந்த ரேங்குக்குத் தாலுகா அலுவலகம் கிடைக்கும், பத்திரப் பதிவு கிடைக்கும். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அந்த இடங்கள் தீர்ந்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் அவள் அப்பாவும் மகளுக்குத் தாலுகா ஆபீஸ் என்று வெட்டு ஆட்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். சாதிச் சான்றிதழுக்கு அவர் ஏழு தடவை நடந்த ஆபீஸ் அது. அதனால் அதைவிடப் பெரிய இடம் அவருக்குத் தெரியாது.

உள்ளே போனவள் பத்து நிமிஷத்தில் வந்தாள். அங்கே இருந்த அதிகாரி, "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, அப்புறம் மாத்த முடியாது," என்றாராம். "ஆறாவதுலயே யோசிச்சுட்டேன் சார்," என்றாளாம். பள்ளிக் கல்வித் துறை, அரியலூர் மாவட்டம் என்று கையில் தாள் இருந்தது.

"அப்பாட்ட சொல்லணும்டி," என்றாள். "தாலுக்கா ஆபீஸ்னு எல்லாருட்டயும் சொல்லிட்டாரு. எப்புடிச் சொல்றது?"

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து போன் போட்டாள். அவர் போனில் எப்போதும் கத்திப் பேசுகிறவர். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. பின்னால் டிராக்டர் சத்தம், யாரோ கட்டு தூக்கச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம்.

"என்னா பாப்பா, தாலுக்கா ஆபீஸுதானே?"

"இல்லப்பா. பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துல கிளார்க்கு."

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. டிராக்டர் மட்டும் ஓடியது. இவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மனிதருக்கு மனசு விட்டுப்போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். தாலுக்கா ஆபீஸுக்கு அப்புறமா மாறிக்கலாம்ப்பா என்று ஒரு பொய்யைச் சொல்லச் சொல்லி அவள் காதில் ஓதினேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

அவர் மறுபடி பேசியபோது கத்தவில்லை. நான் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அப்ப இனிமே பொங்கலு முடிஞ்சாலும் ஒன்னயப் பள்ளிக்கூடத்த வுட்டு யாரும் கூட்டிக்கிட்டுப் போவ முடியாது?"

"முடியாதுப்பா," என்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "ரிட்டயர் ஆவுற வரைக்கும் பள்ளிக்கூடந்தான்."

"யாரு வந்து கூப்புட்டாலும்?"

"யாரு வந்து கூப்புட்டாலும்."

அவர் சிரித்தார். நான் அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அதான் பாப்பா," என்றார். "நானே வந்து வாசல்ல நின்னு கூப்புட்டாலும் வந்துடாத."